மலையூரில் மனச்சோர்வுச் சிகிச்சை: அம்மாவுடன் சென்று கண்டது

கோத்தகிரிப் பக்கம் தேயிலை பறிக்கும் என் அம்மாவுக்கு உறக்கமும் பசியும் அற்றுப்போனபோது, அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதை மனச்சோர்வு என்று கண்டறிந்து, ஃபுளுவாக்ஸெட்டின் மாத்திரையை இலவசமாகக் கொடுத்ததோடு, பலன் தெரிய 2 முதல் 4 வாரங்கள் ஆகலாம் என்பதையும், தேறிய பின்னும் குறைந்தது 6 மாதங்கள் தொடர வேண்டும் என்பதையும் பொறுமையாக விளக்கினார்கள். அங்கு வரும் மனநல ஆலோசகர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை; மாறாக, கேரட் பாத்திக்குத் தண்ணீர் விடுவது, அக்கம்பக்கத்தில் போய்ப் பேசுவது என்று அம்மா கைவிட்டிருந்த சிறு காரியங்களை நாள் குறித்து மீண்டும் செய்ய வைத்தார். மாத்திரைக்கு இணையாக இதுவும் அம்மாவை எழுப்பி உட்கார வைத்தது என்றே நம்புகிறேன். குறை ஒன்று உண்டு: ஆலோசகர் வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறார், அன்று போனால் அம்மாவின் கூலி போய்விடுகிறது. இடைப்பட்ட நாள்களில் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேச முடிந்தது.