கைவேலை அலமாரி: வருஷக்கணக்கில் புழங்கியதில் தேறியதும் தேறாததும்

ஸ்டேஷனரி கடைக்குள் நுழைந்தால் ரகத்துக்கு ஒன்றாக வாங்கத்தான் கை போகும். ஜிகினாத் தூள், ஒட்டுகிற பொம்மைக் கண், கலர் மணி, சமிக்கி, நுரை ஷீட் என்று கூடை நிறைந்துவிடும். எங்கள் வீட்டு அலமாரியில் உண்மையில் புழங்கியதை வைத்துச் சொல்கிறேன்: ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ரகம் முக்கியமில்லை, அளவுதான் முக்கியம். காகிதம், பசை, கலர், மண் இந்த நான்கும் தாராளமாக இருந்தால் ஒரு மத்தியானம் ஓடிவிடும். ஜிகினா இருந்து காகிதம் தீர்ந்துபோனால் கால் மணி நேரத்தில் சண்டைதான்.

பெரியவளுக்கு மூன்று வயதானபோது இதையெல்லாம் வாங்க ஆரம்பித்தேன். இப்போது அவள் நான்காம் வகுப்பு, தம்பி யு.கே.ஜி. சனி, ஞாயிறுகளில் தெருப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். அதனால் ஒரு பிள்ளைக்கு மட்டும் பொருந்துகிற விஷயமாக இதை எழுதவில்லை.

முதலில் காகிதம். நாங்கள் இருப்பது சிவகாசி, அதனால் இதில் எங்களுக்குக் கொஞ்சம் கொடுப்பினை உண்டு. அச்சகங்களில் ஓரம் வெட்டித் தள்ளும் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். தெரிந்த பைண்டிங்காரரிடம் சொல்லி வைத்தால் எடைக்கு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் எல்லாத் துண்டும் ஒன்றல்ல. புத்தகம், நோட்டுக்குப் போடுகிற பூச்சில்லாத மேப்லித்தோ காகிதம் ஈரத்தை உறிஞ்சும், அதில் கலர் நிற்கும். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் மேலே பூச்சு இருப்பதால் போஸ்டர் கலர் மேலாக்கவே நின்று, காய்ந்ததும் செதில் செதிலாக உதிரும். கிழித்து ஒட்டுகிற வேலைக்கு மட்டும் அது நல்ல சரக்கு, நிறம் பளிச்சென்று இருக்கும். ஜெராக்ஸுக்குப் போடுகிற 75 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) ஏ4 தாள் கிரேயானுக்குப் போதும். தண்ணீர்க் கலர் பட்டால் சுருண்டுகொள்ளும். பெயின்ட் அடிக்க 120க்கு மேல் கனம் இருந்தால் நல்லது. வெளியூர்க்காரர்கள் உள்ளூர் ஆப்செட் அச்சகத்தில் கேட்டுப் பார்க்கலாம். சென்னையில் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எங்கும் போக முடியாதவர்களுக்கு, வருஷம் முடிந்ததும் கழற்றி வைக்கிற மாதக் காலண்டரின் பின்பக்கமே பெரிய சொத்து. கல்யாணப் பத்திரிகை அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள்.

கிரேயானில் மூன்று வகையும் வீட்டில் இருந்தது. மெழுகுக் கிரேயான் உடையும், உடைந்தாலும் எழுதும். பிளாஸ்டிக் கிரேயான் உடையாது, அழுத்தித் தேய்த்தால்தான் நிறம் வரும். மூன்று வயதுக் கைக்கு அந்த பலம் இருக்காது. ஆயில் பேஸ்டல் தொட்டாலே நிறம் கொட்டும், ஆனால் சட்டை, சுவர், தம்பியின் காது எல்லாவற்றிலும் ஏறும். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் மாடி அறையில் வைத்த பேஸ்டல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, அதனால் கோடையில் கீழ் அறைக்கு மாற்றிவிடுவேன். என் ஓட்டு மெழுகுக்குத்தான். அதிலும் உடைந்த துண்டுகளுக்கு ஒரு தனி உபயோகம் உண்டு. முழுக் கிரேயானைப் பிள்ளைகள் முஷ்டியில் பிடிப்பார்கள். கட்டைவிரல் நீளத் துண்டை அப்படிப் பிடிக்க முடியாது, விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும். பென்சில் பிடிக்க அதுவே நல்ல பழக்கம். ஸ்கெட்ச் பேனா பற்றிச் சொல்ல அதிகமில்லை: மூடியைத் தொலைப்பார்கள், காய்ந்துபோகும், முனையைத் தண்ணீரில் ஒரு சொட்டு நனைத்தால் இன்னும் இரண்டு நாள் ஓடும்.

பசைக்குக் கடையில் விற்கும் வெள்ளைப் பசையையே பெரிய டப்பாவாக வாங்கி, பாட்டில் மூடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுக்கிறேன். சின்ன டியூப் சரிவராது. வாய் அடைத்துக்கொள்ளும், பிள்ளை பலம் கொண்ட மட்டும் அமுக்கும், அப்புறம் ஒரே பீச்சு. குச்சிப் பசை காகிதத்தோடு சரி; இலை, துணி, நூல் எதுவும் அதில் நிற்காது. சின்னவர்களுக்கு மைதாப் பசை போதும். ஒரு பங்கு மைதாவை நாலு பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறினால் கண்ணாடி போல ஆகும்போது இறக்கிவிடலாம். ஃபிரிட்ஜில் மூன்று நாலு நாள் தாங்கும். ஒரு எச்சரிக்கை: பைண்டிங் கடைப் பசையை வாங்கி வந்து பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது வழக்கம், அது விஷம்.

கலரில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை நான்கும் பெரிய பாட்டிலாக இருந்தால் மற்றதெல்லாம் அவர்களே கலந்துகொள்வார்கள். பன்னிரண்டு குட்டி பாட்டில் உள்ள செட்டில் மஞ்சள் முதலில் தீரும், ஊதா அப்படியே இறுகிக் கிடக்கும். துணிக்கு அடிக்கிற பெயின்டைத் தவிர்த்துவிடுங்கள், அது யூனிபாரத்தில் பட்டால் போகவே போகாது. வாங்கின சாமான் எதற்கும் இல்லாத மரியாதை எங்கள் வீட்டில் ஒரு பழைய இரும்புப் பணியாரச் சட்டிக்கு உண்டு. ஏழு குழி, ஏழு கலர்; கனமாக இருப்பதால் கை பட்டுக் கவிழாது. அடுப்புக்கு இனி ஆகாது என்று மாமியார் ஒதுக்கியது, இப்போது வேறு பதவியில் இருக்கிறது. வெண்டைக்காய்க் காம்பை வெட்டி அதில் தொட்டு அச்சு வைத்தால் ஐந்து இதழ்ப் பூ விழும். வாழை மட்டையின் குறுக்கு வெட்டு இன்னும் அழகு, பிறை வடிவத்துக்குள் தேன்கூடு போலக் கட்டம் கட்டமாக வரும்.

காசில்லாமல் கிடைக்கிற கலரும் உண்டு. மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த எல்லோருக்கும் தெரியும். சுண்ணாம்பைக் கிள்ளிப் போடுவது மட்டும் பெரியவர்கள் வேலை, கண்ணில் பட்டால் ஆபத்து. சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம், எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும். இந்தச் சாயங்கள் வெயிலில் வெளுத்துவிடும், பிள்ளைகள் அதைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

மண்ணுக்கு வருவோம். கடையில் விற்கிற கலர் மாவு ஒரு வாரத்தில் எல்லாம் கலந்து பழுப்பாகிவிடும். வீட்டில் பிசைவது மலிவு: ஒரு கப் மைதா, அரை கப் உப்பு, ஒரு கப் தண்ணீர், ஒரு ஸ்பூன் எண்ணெய், சில சொட்டு எலுமிச்சைச் சாறு, வாணலியில் சுருளக் கிளறி, ஆறியதும் பிசைய வேண்டும். மூடி வைத்தால் சில வாரம் வரும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் மட்டும் உப்பு நீர் விட்டுப் பிசுபிசுக்கும், கொஞ்சம் மைதா தூவிக்கொள்ளுங்கள். ஆனால் எதுவும் குயவர் களிமண்ணுக்கு ஈடாகாது. மதுரைப் பக்கம் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனவர்கள் கேட்டு ஒரு கட்டி வாங்கி வந்தார்கள். ஈரச் சாக்கில் சுற்றி வாளியில் போட்டு வைத்தேன், மாதக்கணக்கில் இறுகவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் அதை உருட்டி உருட்டி நீளமாக இழுத்து, "அத்தை, இது பாம்பு" என்றான். அறுந்தது. "இப்ப ரெண்டு பாம்பு." அந்தச் சாயங்காலம் முழுக்க அவன் பாம்புகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனான். பெரியவளோ பிள்ளையார்தான் செய்வாள்.

பிள்ளையார் என்றதும் கண்ணுக்குக் குன்றிமணி தேடுவோம். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதைக் கைவேலைப் பெட்டியில் வைக்கவே கூடாது. அந்த விதைக்குள் இருக்கும் அப்ரின் கொடிய விஷம். தோல் கெட்டியாக இருப்பதால் முழுதாக விழுங்கினால் தப்பிக்க வாய்ப்பு உண்டு. கடித்தாலோ, கோப்பதற்காகத் துளை போட்டிருந்தாலோ நிலைமை வேறு. நாங்கள் மிளகு வைக்கிறோம். அதே மாதிரி, தண்ணீரில் போட்டால் ஊதுகிற கலர் ஜெல்லி மணிகள் பூச்சாடிக்கென்று ஃபேன்சி ஸ்டோரில் விற்கின்றன. விழுங்கினால் குடலுக்குள் ஊதி அடைத்துக்கொள்ளும். வீட்டுக்குள்ளேயே விடவில்லை. பொம்மை வகையில் வருகிற எந்த செட்டாக இருந்தாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள், 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம்.

தேறாதவை: ஜிகினாத் தூள் (தலையில், சாம்பாரில், அடுத்த மாதம் வரை), தெர்மாகோல் உருண்டை (ஃபேன் போட முடியாது), மாதம் ஒரு பெட்டி என்று வீட்டுக்கு அனுப்புகிறார்களே அந்த கிட். பெட்டிக்குள் வெட்டித் தயாராக வைத்த துண்டுகள், படத்தில் காட்டிய இடத்தில் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆந்தை ஆந்தையாகவே வரும், பிள்ளைக்கு அதில் வேலையே இல்லை. பிறந்தநாளுக்கு வருகிற கிட்டுகளைப் பிரித்துக் காகிதத்தையும் குச்சிகளையும் பொதுச் சரக்கில் சேர்த்துவிடுவேன்.

எந்த வேலையைக் கொடுப்பது என்பதற்கு நான் பார்ப்பது ஒன்றுதான்: அந்தக் கையால் அது முடியுமா? மூன்று வயதில் கிழிப்பது, அச்சு வைப்பது, அப்புவது. நாலில் கத்தரிக்கோல், ஒரே வெட்டில் துண்டாகிற மாதிரி விரல் அகலக் கீற்றாகக் கொடுத்தால் கை பழகும், அப்புறம்தான் கோடு போட்டு வெட்டுவது. ஐந்து, ஆறில் மடிப்பு, நூல் கோப்பது, மருந்து வைக்காத தீக்குச்சியில் வீடு கட்டுவது. பள்ளிக்கூடங்கள் இதைக் கவனிப்பதாகத் தெரியவில்லை. யு.கே.ஜி. பிள்ளைக்கு 'நீர் சுழற்சி' மாடல் என்று எழுதி அனுப்புவார்கள். இரவு பதினோரு மணிக்கு தெர்மாகோல் அறுத்துக்கொண்டிருப்பது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

தெருப் பிள்ளைகளில் ஒருத்தி இடதுகைக்காரி. அவளுக்குக் கத்தரிக்கோல் வெட்டவே வெட்டாது, காகிதம் இடுக்கில் மடங்கிக்கொள்ளும். சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்து அமுக்கினால் இரண்டு அலகும் நெருங்காமல் விலகும், வெட்டுகிற கோடும் கண்ணுக்கு மறையும். இடதுகைக்கென்றே செய்த கத்தரிக்கோல் இங்கே கடைகளில் கிடைக்காமல் ஆன்லைனில்தான் வாங்கினேன். அலமாரியிலேயே விலைக்கு உண்மையாக உழைத்த சாமான் அதுதான்.

பத்திரப்படுத்துவதில் பெரிய எதிரி காகிதத்தை அரிக்கும் இராமபாணப் பூச்சி (சில்வர்ஃபிஷ்). மைதாப் பசை பட்ட காகிதம் என்றால் அதற்கு விருந்து. பாச்சை உருண்டை போடாதீர்கள், பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும், விஷம். நான் வசம்புத் துண்டு போட்டு, மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் வெயிலில் காட்டுகிறேன். இந்த ஜூனுக்கு வாங்க வேண்டியது மஞ்சள் போஸ்டர் கலர், வெள்ளைப் பசை ஒரு கிலோ, முனை மழுங்கிய கத்தரிக்கோல் இன்னும் இரண்டு. ஸ்கெட்ச் பேனா இந்த வருஷம் வாங்குவதாக இல்லை.