தாத்தாவின் சவரக்கத்தியும் மார்க்கெட் சந்துச் சாணைக்கடையும்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டை ஒட்டிய சந்து ஒன்றில், அரிவாள்மணைக்கும் இறைச்சிக் கத்திக்கும் சாணை பிடித்துத் தரும் பெயர்ப்பலகை இல்லாத ஒரு சிறு கடை இருக்கிறது. பழைய மடக்குச் சவரக்கத்தியில் துரு அரித்த குழிகளை எடுத்து மெருகேற்றித் தருவதற்கு அங்கே எழுநூறு ரூபாய் கொடுத்தேன். சலூன்களில் இப்போது பாதி பிளேடைச் செருகும் கத்திதான் என்பதால், முழு எஃகுக் கத்தியைத் தொட்டுப் பழகிய கை கிடைப்பது அரிது. இந்த ஒரு வேலையை வைத்தே இதை எழுதுகிறேன்.

கத்தி என் தாத்தாவுடையது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வாங்கியது. கழுத்தில், கத்தித் தொழிலுக்குப் பேர்போன பிரெஞ்சு நகரமான தியேரின் பெயர் பொறித்திருக்கும். தோல் உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்திருந்ததே அதற்கு வினையாகிவிட்டது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கடற்கரை ஊரின் உப்புக்காற்றும் அதோடு சேர்ந்தால் கார்பன் எஃகு தாங்காது. மேலே படிந்த செந்துரு எண்ணெயும் துணியும் கொண்டு தேய்த்தவுடன் போய்விட்டது. அதன் அடியில் ஊசிமுனை அளவில் கறுத்த குழிகள் தெரிந்தன. குழி என்பது ஒட்டிக்கொண்டிருக்கும் அழுக்கு அல்ல, எஃகு கரைந்துபோன இடம். ஆகவே, குழியை எடுப்பதென்றால் அதன் ஆழம் வரைக்கும் சுற்றியுள்ள எஃகையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும்.

இதை உணராமல், இதே பெட்டியில் இருந்த இன்னொரு கத்தியைக் கடலூரில் பாத்திரங்களுக்குப் பாலிஷ் போடும் பட்டறை ஒன்றில் கொடுத்து ஏற்கெனவே கெடுத்துக்கொண்டேன். மோட்டார் சக்கரத்தில் பிடித்துப் பத்தே நிமிடத்தில் கண்ணாடிபோல் ஆக்கிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் வாயோரம் நீலம் பாய்ந்திருந்தது. சவரக்கத்தியின் எஃகைப் பதப்படுத்துவது சுமார் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில். நீலம் ஏறுவதோ 300 டிகிரியை நெருங்கும்போது. அந்தப் பதம் போனபின் எத்தனை முறை தீட்டினாலும் கூர்மை நிற்பதில்லை.

மார்க்கெட் சந்துப் பெரியவர் முதலில் எந்த இயந்திரத்தையும் தொடவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கத்தியின் இரு பக்கங்களையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு வாயைக் கட்டைவிரல் நகத்தின் மேல் சாய்த்து லேசாக அழுத்தி, மெல்லிய எஃகு எந்த அளவு வளைகிறது என்று கவனித்தார். வாய்க்கு மிக அருகில் மூன்று குழிகள் இருந்தன. “தம்பி, இந்த மூணையும் எடுத்தே ஆகணும், இல்லேன்னா தீட்டத் தீட்ட அங்கதான் பல்லு விழும். மேல இருக்கறதையெல்லாம் எடுக்கச் சொல்லாதீங்க, கத்தி காகிதமாயிடும்” என்றார். இருபுறமும் உட்குழிவாகச் சீவிய கத்தியில் நடுப்பகுதி ஏற்கெனவே மிக மெல்லியது என்பதால், அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

மரப்பலகையில் கத்தியைப் படுக்க வைத்துக் கட்டி, ரப்பர் துண்டில் சுற்றிய நீர் உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, முதுகிலிருந்து வாயை நோக்கி மட்டுமே தேய்த்தார். 400, 600, 1000, 2000 என்று எண் கூடக்கூட தாள் நைசாக மாறியது. முந்தைய தாளின் கீறல் அடியோடு மறையாமல் அடுத்த தாளை அவர் எடுக்கவில்லை. கடைசியில் குரோமியம் ஆக்சைடு கலந்த பச்சை மெருகுக் கட்டியைத் தோலில் தடவிக் கையாலேயே மெருகேற்றினார். முதுகை மட்டும் அவர் தொடவேயில்லை. கல்லில் தீட்டும்போது கத்தி படுக்கும் கோணத்தை நிர்ணயிப்பது முதுகின் பருமன்தான். பளபளப்புக்காக அதைத் தேய்த்திருந்தால் கோணமே மாறியிருக்கும்.

குறைகளும் உண்டு. நான்கு நாளில் தருவதாகச் சொன்ன வேலைக்குப் பதினொரு நாள் ஆயிற்று. ஊர்ப்பெயரின் கடைசி எழுத்து பாதி தேய்ந்துவிட்டது. கைப்பிடியின் ஆணி மூட்டுக்குள் தேய்த்த பொடி தங்கி, மடக்கும்போது கரகரத்தது. தையல் எந்திர எண்ணெயை விட்டு நானே கழுவ வேண்டியிருந்தது. எல்லாவற்றையும்விட, அவர் பிடித்துத் தந்த கூர்மை முழங்கை ரோமத்தை மழித்ததே தவிர, கன்னத்தில் பிடித்து இழுத்தது. 8000 எண் கல்லில் தீட்டி, தோல்வாரில் ஐம்பது அறுபது முறை இழுத்த பிறகுதான் முகத்தில் வைக்க முடிந்தது. ஆகவே, குழி எடுக்கவும் மெருகேற்றவும் தயங்காமல் அங்கே கொடுக்கலாம். முகச்சவரத்துக்கான கூர்மையை அவரிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

முதுகோரத்தில் ஏழெட்டுக் குழிகள் இன்னும் கறுப்பாகவே இருக்கின்றன. சவரத்துக்கு அவற்றால் ஒரு தொந்தரவும் இல்லை. சவரம் முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவி, தோல் உறையைத் தவிர்த்துப் பருத்தித் துணியில் சுற்றி வைக்கிறேன்.

சென்ற மாதம் அந்த நீலம் பாய்ந்த கத்தியையும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாயோரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “இதைப் பென்சில் சீவ வெச்சுக்கங்க தம்பி” என்று காசு வாங்காமல் திருப்பித் தந்துவிட்டார்.