ஜியோஜீப்ரா: நெல்லைப் பக்கத்துக் கணக்கு வகுப்பறைக்கு எந்தப் பதிப்பு, எத்தனை பாடவேளை?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எழுதும் ஆண்டுத் திட்டத்தில் "கற்பித்தலில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவேன்" என்று ஒரு வரி தவறாமல் இடம்பிடிக்கும். அந்த வரியை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை மூன்றாவது பாடவேளையில் ஒன்றும் செய்ய முடியாது. எந்த மென்பொருள், எந்தப் பாடம், எத்தனை பாடவேளை, பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று எதை வைத்துப் பார்ப்பது என்ற அளவுக்கு இறங்கி எழுதினால்தான் அது இலக்கு. கணக்கு ஆசிரியருக்கு அப்படி இறங்கி எழுதத் தோதான கருவி ஜியோஜீப்ரா: வடிவங்களையும் வரைபடங்களையும் திரையில் வரைந்து, இழுத்து அசைத்துப் பார்க்கும் மென்பொருள். ஒன்பது, பத்தாம் வகுப்புக்குத் தமிழ்வழியில் கணக்கு எடுப்பவர்களை மனத்தில் வைத்து இந்த மதிப்புரை.

2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் தொடங்கிய மென்பொருள் இது. வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசம். 2021இல் பைஜூஸ் நிறுவனம் இதை வாங்கியது. நம் பாடநூலில் பாட இறுதியில் வரும் "இணையச் செயல்பாடு" பகுதியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம்தான். அங்கே உரலியும் (இணைய முகவரி) விரைவுக் குறியீடும் (கியூஆர் கோடு) கொடுத்திருப்பார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. குறியீட்டை ஸ்கேன் செய்தால் இணையப் பக்கம் திறக்க வேண்டும். களக்காடு, பாபநாசம் போன்ற மலையடிவார ஊர்களில் சிக்னலை நம்பி 40 நிமிடப் பாடவேளையைத் திட்டமிட முடியாது. பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும் ஐந்து நிமிடத்தில் வகுப்பு கைவிட்டுப் போய்விடும்.

ஆகவே எங்கள் பரிந்துரை ஜியோஜீப்ரா கிளாசிக் 5. இதைவிடப் புதிதாக கிளாசிக் 6 இருக்கிறது, பார்க்கவும் அழகு. ஆனால் பழைய கணினியில் கனக்கிறது. ஐந்தாம் பதிப்பு நினைவகம் குறைந்த கணினியிலும் ஓடும். அதன் போர்ட்டபிள் வடிவத்தை ஒருமுறை தரவிறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொண்டால், நிறுவ அனுமதி இல்லாத ஆய்வகக் கணினியிலும் பென்டிரைவிலிருந்தே திறக்கலாம். பாடநூலின் செயல்பாட்டுப் பக்கங்களை வீட்டில் இணையம் இருக்கும்போதே ஜிஜிபி கோப்புகளாக (ஜியோஜீப்ராவின் சொந்தக் கோப்பு வடிவம்) இறக்கி அதே பென்டிரைவில் இயல் வாரியாக வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் இணையமே வேண்டாம்.

திறந்ததும் செய்ய வேண்டியவை இரண்டு. விருப்பங்களில் எழுத்தளவை 24 அல்லது 28 ஆக்குங்கள். வந்தபடி விட்டால் மூன்றாவது பெஞ்சுக்கு மேல் புள்ளியின் பெயர் தெரியாது. கோடுகளின் தடிமனையும் கூட்டுங்கள். அடுத்து, ஒரு வட்டம் வரைந்து திரையில் பாருங்கள். அது முட்டை மாதிரித் தெரிந்தால் காரணம் மென்பொருளாக இருக்காது. மடிக்கணினித் திரை அகலவாட்டம், பழைய புரொஜெக்டர் நாலுக்கு மூன்று. படத்தை அமுக்கிக் காட்டுகிறது. செங்கோணம் செங்கோணமாகத் தெரியாத திரையில் வடிவியல் நடத்தினால் பிள்ளைகள் கண்ணை நம்புவார்களா, நம் சொல்லை நம்புவார்களா? கணினியின் திரைத் தெளிவை 1024க்கு 768 என்று மாற்றினால் சரியாகிவிடும். அப்போதும் முட்டைதான் என்றால் அச்சுகளின் விகிதம் மாறியிருக்கும். வரைபடத்தில் வலது சொடுக்கு சொடுக்கி 1:1 ஆக்குங்கள்.

இந்த மென்பொருளின் உயிர் இழுத்தலில் இருக்கிறது. கரும்பலகையில் வரைந்த முக்கோணம் அசையாது. இதில் முனையைப் பிடித்து இழுக்கலாம். இழுத்தால் ஏதாவது புதிதாகத் தெரிய வேண்டும். அப்படித் தெரியாத பாடத்துக்கு இது தேவையில்லை.

ஒன்பதாம் வகுப்பு வடிவியலில் முக்கோணத்தின் நான்கு மையங்கள் வருகின்றன. மூன்று நடுக்கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்கும் என்று சாக்பீஸால் வரைந்து காட்டும்போது, கை பிசகி நடுவில் ஒரு குட்டி முக்கோணம் விழும். "ஏறக்குறைய சந்திக்கும்" என்றுதான் பிள்ளை மனத்தில் பதியும். ஜியோஜீப்ராவில் நடுக்கோடுகளைப் போட்டு முனையை எங்கே இழுத்தாலும் சந்திப்பு கலையாது. அடுத்ததாகச் சுற்றுவட்ட மையம். மையக்குத்துக்கோட்டுக் கருவியால் இரண்டு பக்கத்துக்குக் கோடு போட்டு, வெட்டும் புள்ளியைக் குறித்து, அங்கிருந்து ஒரு முனை வழியாக வட்டம் வரையுங்கள். இப்போது ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு முனையை மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். குறுங்கோண முக்கோணத்தில் உள்ளே இருக்கும் மையம், செங்கோணம் ஆகும் நொடியில் கர்ணத்தின் நடுப்புள்ளியில் வந்து உட்காரும். விரிகோணமானதும் வெளியே போய்விடும். பாடநூலில் மூன்று தனித்தனிப் படமாக இருப்பது இங்கே ஒரே நகர்வு. இன்னும் இழுத்து மூன்று முனையையும் ஒரே கோட்டில் கொண்டுவந்தால் வட்டமும் மையமும் மறைந்துவிடும். "சார், புள்ளியக் காணோம்லா!" என்று சத்தம் வரும். அங்கே உடனே விளக்கம் சொல்லிவிடாதீர்கள், ஒரு நிமிடம் விடுங்கள். மையக்குத்துக்கோடுகள் இணையாகிவிட்டன, இணைகோடுகள் வெட்டாது என்பதை வகுப்பே கண்டுபிடிக்கும். இந்த ஒரு நிமிடத்துக்காகவே மென்பொருளைத் திறக்கலாம்.

இதில் இடறும் இடங்களும் உண்டு. புள்ளிக் கருவி தேர்வில் இருக்கும்போதே பிள்ளை வந்து இழுக்க முயன்றால், தொடும் இடமெல்லாம் புதுப் புள்ளி முளைக்கும். இழுக்கும் முன் எஸ்கேப் விசை. அது நகர்த்தும் கருவிக்குக் கொண்டுபோகும். அடுத்தது கோணம். மூன்று புள்ளிகளைத் தொடும் வரிசையைப் பொறுத்து ஜியோஜீப்ரா எதிர்க்கடிகாரத் திசையில் அளக்கும். வரிசை மாறினால் 60 பாகைக்குப் பதில் 300 காட்டும். முக்கோணத்தை இழுத்துக் கவிழ்த்தாலும் இப்படி ஆகும். கோணத்தின் பண்புகளில் 0 முதல் 180 வரை என்று கட்டுப்படுத்திவிட்டால் தொல்லை தீரும்.

மூன்றாவது இடறல் எல்லாவற்றையும்விட மோசம். (0, 0), (2, 0), (1, 2) ஆகிய முனைகளுடன் ஒரு முக்கோணம் போடுங்கள். கோணங்கள் 63.43, 63.43, 53.13 என்று வரும். கூட்டினால் 179.99. கெட்டிக்காரப் பிள்ளை உடனே கையைத் தூக்கும். தசமத்தை நீக்கிக் காட்டினால் 63, 63, 53 ஆகி 179 என்று இன்னும் கெட்டுப்போகும். முழுதாக்கலை 5 தசமத்துக்கு மாற்றினால் 63.43495, 63.43495, 53.13010, கூடுதல் சரியாக 180. தோராய மதிப்புகளைக் கூட்டினால் பிழை எப்படிச் சேர்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனால் ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். முக்கோணவியலிலும் இதே கதை: உள்ளீட்டுப் பட்டையில் சைன் 30 என்று மட்டும் தட்டினால் −0.99 என்று வரும். அது ரேடியனில் கணக்கிடுகிறது. பாகைக் குறி போட்டால்தான் 0.5.

பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாட்டின் வரைபடத்துக்கு இது வெகு பொருத்தம். ஏ, பி, சி மூன்றையும் எழுத்தாகவே விட்டுச் சமன்பாட்டைத் தட்டினால் நழுவிகள் (இழுத்து மதிப்பை மாற்றும் ஸ்லைடர்கள்) உருவாக்கலாமா என்று கேட்கும். ஆம் என்றால் −5 முதல் 5 வரை நகரும் மூன்று நழுவிகள் வரும். தட்டும்போது ஏ, எக்ஸ் போல அடுத்தடுத்து வரும் இரண்டு எழுத்துக்கு நடுவில் இடைவெளியோ நட்சத்திரக் குறியோ விடுங்கள். சி நழுவியை மேலே தள்ளும்போது பரவளையம் எக்ஸ் அச்சை இரண்டு இடத்தில் வெட்டி, ஒரு இடத்தில் தொட்டு, பிறகு தொடாமலே விலகும். எத்தனை மெய்த் தீர்வு என்று சொல்லும் தன்மைகாட்டியின் மூன்று நிலையும் கண்முன்னே கடந்து போகும். ஏ நழுவி பூச்சியத்தைத் தாண்டும்போது கொஞ்சம் நிறுத்துங்கள். அந்த நொடியில் அது நேர்க்கோடு.

ஆனால் பொதுத்தேர்வில் வரைபடத்துக்கான 8 மதிப்பெண் கையால் வரைவதற்கு. அட்டவணை, அளவுத்திட்டம், புள்ளி குறித்தல் எதையும் மென்பொருள் பழக்காது. திரையில் பார்த்த அன்றே வரைபடத்தாளிலும் போட வைக்க வேண்டும். தாளில் ஒய் அச்சுக்கு 1 செ.மீ. = 2 அலகு என்று எடுத்தால் வளைவு திரையில் கண்டதைவிட அகலமாக இருக்கும்; பிள்ளை தன் படம் தப்பென்று அழித்துவிடும். அச்சு விகிதத்தைத் தாளுக்கு ஒத்தபடி மாற்றிக் காட்டினால் இரண்டும் பொருந்தும்.

ஊர்ப் பொருளைக் கணக்குக்குள் கொண்டுவரவும் வழி இருக்கிறது. தாமிரபரணியின் மேல் 1843இல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலத்தின் 11 வளைவுகளில் ஒன்றை நேருக்கு நேர் நின்று படமெடுங்கள். சாய்ந்து நின்று எடுத்தால் வளைவே கோணலாகிவிடும். வளைவு படத்தின் நடுவில் இருக்கட்டும், ஓரத்தில் கைபேசி லென்ஸ் வளைத்துவிடும். படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கியபின் செருகி, பின்னணிப் படமாக்குங்கள். வளைவின் இரண்டு கால், உச்சி என மூன்று புள்ளி குறித்து அவற்றின் வழியே வட்டம் போடுங்கள். அதன் மேலேயே நழுவியால் ஒரு பரவளையத்தைப் பொருத்துங்கள். கல்லை ஒட்டிப் போவது எது என்று வகுப்பு சொல்லட்டும். ராதாபுரம், பணகுடிப் பக்கமென்றால் காற்றாலை போதும்: ஒரு இறக்கையை வரைந்து 120 பாகை, 240 பாகை சுழற்றினால் சுழல் சமச்சீர் வந்துவிடும்.

இனி இலக்கு. காலாண்டுத் தேர்வுக்குள் நான்கு பாடவேளை போதும். அதற்கு மேல் முதல் ஆண்டில் எழுதிக்கொள்ளாதீர்கள். ஒன்பதாம் வகுப்பு மையங்களுக்கு இரண்டு, பத்தாம் வகுப்பு இருபடி வரைபடத்துக்கு இரண்டு. ஒவ்வொன்றிலும் திரை 15 நிமிடம் மட்டும், குறைந்தது மூன்று பிள்ளைகள் கையால் இழுக்க வேண்டும். ஆசிரியரே இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தால் அது இன்னொரு வீடியோதான். ஆனித் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை வரும் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். முக்கியமான திரைப் பாடம் எதையும் நவம்பருக்குத் தள்ளாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் விடுமுறையும் மின்தடையும் சேர்ந்தே வரும். மடிக்கணினி மின்கலத்தில் ஓடும், புரொஜெக்டர் ஓடாது. விளக்கு வகைப் புரொஜெக்டர் சூடாக இருக்கும்போதே மின்சாரம் போய்ப்போய் வந்தால் விளக்கின் ஆயுளும் குறையும். மேசைக் கணினி என்றால் ஒவ்வொரு படிக்கும் கன்ட்ரோல்-எஸ் அழுத்திச் சேமியுங்கள்.

கணமொழி, மெய்யெண்கள், காரணிப்படுத்தல் இவற்றுக்கெல்லாம் கரும்பலகையே மேல். மென்பொருளின் பட்டியல்களை (மெனு) தமிழுக்கு மாற்றும் வசதி இருந்தாலும், பாடநூலின் கலைச்சொற்களை வாயால் சொல்லி, பட்டியல் எந்த மொழியில் பழகியதோ அதிலேயே விட்டுவிடுவது நல்லது. பாடம் நடத்தும்போது கருவியைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

புரிந்ததா என்று பார்க்க மறுநாள் தாளில் இரண்டே கேள்வி: "செங்கோண முக்கோணத்தின் சுற்றுவட்ட மையம் எங்கே இருக்கும், ஏன்?" "மையம் முக்கோணத்துக்கு வெளியே இருக்கும்படி ஒரு முக்கோணம் வரை." முதல் கேள்வியில் "எங்கே" சரியாகவும் "ஏன்" வெறுமையாகவும் பாதிப் பேருக்கு மேல் விட்டிருந்தால், மறுபடி திரையைப் போடாதீர்கள். கவராயமும் அளவுகோலும் கொடுத்து, கர்ணத்தின் நடுவில் முள்ளை ஊன்றி மூன்று முனைக்கும் உள்ள தூரத்தை அளக்கச் சொல்லுங்கள்.