சயோனாரா (1957): வெள்ளவத்தையில் வாங்கிய இறுவட்டும் அதிலிருந்த படமும்

‘சயோனாரா’ என்ற பழைய ஹொலிவூட் காதல் படத்தின் இறுவட்டை, வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டியுள்ள ஒரு சிறிய கடையில், நான் இரண்டு தடவை வாங்க வேண்டியதாயிற்று. முதலில் கிடைத்த பிரதியில் காட்சியின் இரு பக்கங்களும் வெட்டப்பட்டு, முந்தைய சதுரத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஏற்றபடி படம் ஒடுக்கப்பட்டிருந்தது. “பழைய படம் அக்கா, பார்த்துப்போட்டுச் சரியில்லையெண்டால் கொண்டுவாங்கோ, மாத்தித் தாறன்” என்று கடைக்காரத் தம்பி சொல்லியிருந்தபடியால் மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலும் 300 ரூபா வைத்ததும் அகலத்திரைப் பிரதி கிடைத்தது. இந்த அலைச்சலைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டெக்னிராமா என்ற அகலத்திரைப் படப்பிடிப்பு முறையில், உயரத்தைப் போல இரண்டே கால் மடங்குக்கும் கூடிய அகலத்தில் எடுக்கப்பட்ட படம் இது. யப்பானிய வீட்டினுள்ளே தாழ்ந்த மேசையைச் சுற்றி நால்வர் அமரும்போது, வெட்டப்பட்ட பிரதியில் ஓரத்தில் இருப்பவரின் தோள் மட்டுமே எஞ்சுகிறது. இந்தப் படத்திலோ பார்க்க வேண்டியவர்கள் ஓரத்தில் இருப்பவர்கள்தான்.

கதை நடப்பது 1951 இல், கொரிய யுத்தத்தின் நடுவில். லொயிட் குருவர் என்ற அமெரிக்கப் போர் விமானி (மார்லன் பிராண்டோ) கொரியாவிலிருந்து யப்பானின் கோபே நகரப் பக்கத்துக்கு மாற்றப்படுகிறார். அங்குள்ள ஜெனரலின் மகளுக்கும் அவருக்கும் திருமணம் நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. அவருக்குக் கீழே வேலை செய்யும் ஜோ கெலி (ரெட் பட்டன்ஸ்) என்ற சாதாரண வான்படை வீரன், கட்சுமி (மியோஷி உமேகி) என்ற யப்பானியப் பெண்ணை மணக்கப் பிடிவாதமாக நிற்கிறான். முதலில் அவனைத் தடுக்கப் பார்க்கும் குருவர், கடைசியில் அவனுக்கே மாப்பிள்ளைத் தோழனாக நிற்கிறார். பின்னர் தாமும் ஹனா-ஒகி (மீக்கோ டாக்கா) என்ற மேடை நட்சத்திரத்திடம் மனதைப் பறிகொடுக்கிறார். இயக்கியவர் ஜோஷுவா லோகன். மூலக்கதை ஜேம்ஸ் மிச்சனர் 1954 இல் வெளியிட்ட நாவல்.

கெலியையும் கட்சுமியையும் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இவர்களுடைய காதலுக்கு எதிராக நிற்பது பெற்றோரோ ஊர்ப் பேச்சோ அல்ல, காகிதம். ஆசியர்கள் குடியேறுவதற்கு 1924 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் போட்டிருந்த தடை, 1952 இல் புதிய சட்டம் வரும் வரைக்கும் பெருமளவில் நீடித்தது. இடையிடையே போர்வீரர்களின் மனைவியருக்கெனத் தற்காலிக விலக்குகள் வந்துபோயின. அந்த விலக்குகளுக்கு இடையிலான ஓர் இடுக்கில் சிக்கியவர்கள்தாம் இந்த இருவரும். மனைவியைத் தன் நாட்டுக்கு அழைத்துச் செல்ல முடியாது என்பதைத் தெரிந்துகொண்டே கெலி மணக்கிறான். பிறகு, அவன்மீது கறுவிக்கொண்டிருக்கும் மேலதிகாரியொருவர் அவனைத் தனியே அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பக் கட்டளையிடும்போது, கட்சுமி கர்ப்பிணியாக இருக்கிறாள். அதற்கு முன்னரே, தன் கண்களை அமெரிக்கப் பெண்களுடைய கண்களைப் போல மாற்றிக்கொள்ள அவள் சத்திரசிகிச்சைக்கு ஆயத்தமாகிறாள். கெலிக்கு வருகிற கோபத்தில் அவள்மீதுள்ள அன்பும், அவளுக்கு அப்படியொரு எண்ணத்தை ஊட்டிய தன் நாட்டின்மீதுள்ள வெட்கமும் ஒன்றாகக் கலந்திருப்பதை ரெட் பட்டன்ஸ் அபாரமாகக் காட்டுகிறார். அதுவரை நகைச்சுவை நடிகராக மட்டுமே அறியப்பட்டவர் அவர்.

காதலர் இருவர் சேர்ந்து உயிர்விடும் கதையை மரப்பொம்மைக் கூத்தில் இந்த நால்வரும் பார்ப்பதாக ஒரு காட்சி வருகிறது. முதல் தடவை பார்த்தபோது, சுற்றுலாப் பயணிக்குக் காட்டும் இன்னுமொரு யப்பானியப் பண்டம் என்று எண்ணி அலட்சியமாக விட்டுவிட்டேன். கெலியும் கட்சுமியும் அந்த வழியையே தேர்ந்தெடுத்தார்கள் என்பது தெரிந்த பின்னர், பின்னோக்கி ஓட்டி அந்தக் காட்சியை மீண்டும் பார்த்தேன். உமேகிக்கு இந்தப் படத்தில் வசனம் மிகக் குறைவு. தேநீர் வைக்கிறாள், கணவனுக்கு முதுகு தேய்க்கிறாள், தலை குனிகிறாள். அடக்கமான யப்பானிய மனைவி என்று ஹொலிவூட் வார்த்துவைத்த அச்சுதான். ஆனாலும் அந்த அச்சுக்குள்ளே ஓர் ஆளை அவர் உயிரோடு இருத்திவிடுகிறார். பத்துப் பரிந்துரைகளில் நான்கு ஒஸ்கார் விருதுகளை வென்ற இப்படத்தில் துணை நடிகருக்கும் துணை நடிகைக்குமான விருதுகள் இந்தச் சோடிக்கே போயின. நடிப்புக்காக ஒஸ்கார் பெற்ற முதல் ஆசியப் பெண் உமேகி. துணை நடிகை விருதை இன்னோர் ஆசியப் பெண், கொரியாவின் யூன் யோ-ஜொங், பெறுவதற்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கு நேர்மாறாக, பிரதான சோடி அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். பிராண்டோ தென்மாநிலப் பேச்சுவழக்கில் சொற்களை மென்று இழுப்பதால், ஆங்கிலம் நன்கு தெரிந்தவர்களும் துணைவரியைப் போட்டுக்கொள்வது நல்லது. ஹனா-ஒகி தோழியரோடு அரங்குக்குச் செல்லும் பாலத்தருகே அவர் நாளாந்தம் காத்து நிற்பதும், அவள் ஏறெடுத்தும் பாராமல் நடந்துபோவதும் படத்தின் மிக நல்ல பகுதி. பேச்சே இல்லாதபடியால் கூடுதலாக நன்றாயிருக்கிறது. ஆனால் அவளுடைய மேடை நடனங்கள் முடிவின்றி நீள்கின்றன. 147 நிமிடங்களில் இருபது நிமிடத்தைத் தாராளமாகக் கத்தரித்திருக்கலாம். அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் யப்பானிய ஆணுக்கும் இடையே ஈர்ப்பு உண்டாகிறது என்று படம் சாடைகாட்டுகிறது. பிறகு அச்சப்பட்டு அதை அப்படியே விட்டுவிடுகிறது. கபுக்கி என்ற யப்பானிய மரபு நாடகத்தின் நடிகரான அந்த ஆணாக ஒப்பனை பூசிக்கொண்டு வருபவர், மெக்சிக்கோவில் பிறந்த ரிக்கார்டோ மொன்டல்பான்! இனபேதத்தைக் கண்டிக்கும் படத்திலேயே இந்த நிலைமை.

போரில் தன் குடும்பத்தவரைப் பறிகொடுத்த ஹனா-ஒகி, அமெரிக்கர்மீது தனக்கிருந்த வெறுப்புக்காகக் குருவரிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சி எனக்கு நெருடலாக இருந்தது. இழந்தவள் ஏன் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும்? ஆயினும் கொழும்பில் இருந்துகொண்டு இதைப் பார்ப்பவர் வேறொன்றையும் நினைக்காமல் இருக்க முடியாது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய நகரம் இது. படக்கதை நடக்கும் அதே 1951 இல், செப்டெம்பர் மாதத்தில், யப்பானுடன் சமாதான ஒப்பந்தம் செய்வதற்காகக் கூடிய சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கையின் சார்பில் பேசிய ஜே. ஆர். ஜயவர்தன, வெறுப்பு வெறுப்பினால் தணியாது, அன்பினாலேயே தணியும் என்ற புத்தர் வாக்கைச் சொல்லி, யப்பானிடம் நட்டஈடு கோரப்போவதில்லை என்று அறிவித்தார். அங்கே குண்டு விழுந்த இடத்திலிருந்து மன்னிப்பு வழங்கப்பட்டது. படத்தில் குண்டு விழுந்த இடத்திலிருந்து மன்னிப்புக் கேட்கப்படுகிறது.

மிச்சனரின் நாவலில் குருவரும் ஹனா-ஒகியும் பிரிகிறார்கள், படத்தில் சேர்கிறார்கள். இதைச் சினிமா முடிவு என்று தள்ளிவிட முதலில் தோன்றியது. ஆனால் கலப்புத் திருமணத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டங்கள் செல்லாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1967 இல்தான். தென்மாநிலப் பேச்சோடு வரும் ஒரு கதாநாயகன், அதற்குப் பத்து வருடங்களுக்கு முன்னரே செய்தியாளர் முன்னிலையில் தன் முடிவை அறிவிப்பதற்கு அன்றைக்குத் துணிச்சல் தேவைப்பட்டிருக்கும்.

இறுவட்டைப் பொறுத்தவரையில், அகலத்திரைப் பிரதியில் நிறங்கள் தெளிவாக உள்ளன. மேடைக் காட்சிகளின் சிவப்பு மட்டும் சில இடங்களில் கசிகிறது. ஒலியில் குறையில்லை. தமிழிலோ சிங்களத்திலோ துணைவரி கிடையாது, ஆங்கிலம் மாத்திரமே. வாங்குவதற்கு முன் உறையின் பின்புறத்தில் அகலத்திரை என்று போட்டிருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் அதிகம் தெரியாத அம்மாவும் என்னோடு இருந்து பார்த்தார். கட்சுமி வரும் காட்சிகளில் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, பிராண்டோ பேசும்போதுதான் “என்னவாம்?” என்றார். படம் முடிய இன்னும் நேரமிருக்கும்போதே எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். கூப்பிட்டேன். “அந்தப் பிள்ளைதான் போயிட்டாளே, இனி என்னத்தைப் பார்க்கிறது” என்று அங்கிருந்தே சொன்னார்.