ஒரு கொடியா, இரண்டு கொடியா?

அகழாய்வில் கிடைக்கும் நான்காம் நூற்றாண்டு ரோமானிய வெண்கலச் சில்லறையில் எழுத்து பாதி அரித்துப் போயிருக்கும். தலை யாருடையது என்று முட்டி மோதுவதைவிட, காசைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பதே என் வழக்கம்.

'குளோரியா எக்ஸெர்கிட்டுஸ்', அதாவது 'படையின் பெருமை' வகையில் இரண்டு வீரர்கள் எதிரெதிரே நிற்பார்கள். நடுவில் இரண்டு படைக்கொடிகள் இருந்தால் காசு அச்சான காலம் கி.பி. 330 முதல் 335 வரை. ஒன்றே இருந்தால் 335க்குப் பிந்தியது, ஏறத்தாழ 341 வரை. தரைமண்ணில் ஒற்றைக்கொடிக் காசு புதைந்து கிடந்தால், அந்தத் தரை 335க்கு முன்னால் போட்டதாக இருக்க முடியாது.

எடையும் துணைக்கு வரும். இரட்டைக்கொடி சுமார் இரண்டரை கிராம். ஒற்றைக்கொடி ஒன்றரையை ஒட்டி, வட்டமும் சிறியது. ஆனால் துரு தின்ற காசில் தராசை மட்டும் நம்பாதீர்கள்.

ஏமாறும் இடம் ஒன்று உண்டு: வீரர்களின் ஈட்டிகள். அவையும் நெட்டுக்கோடுகள்தான், ஆனால் வெளிப்பக்கம் இருக்கும். இருவருக்கும் இடையில் உள்ளதை மட்டும் எண்ணுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், கொடிக்கம்பத்தின் நிழல் தனியாக விழும்.

ஒற்றைக்கொடியில் அப்புறம் ஒரு வசதி: முன்பக்கத்தில் கான்ஸ்டன்ஸின் (கான்ஸ்டன்டைன் பேரரசரின் மகன், 337இல் பேரரசரானவர்) பெயர் பேரரசர் பட்டத்தோடு இருந்தால், காசு 337க்கு முந்தியதாக இருக்க முடியாது.