படமா, தொடரா? ஹாரி பாட்டரும் நார்னியாவும்

குழந்தைக் கதைகளில் இரண்டு பெரிய பெயர்கள் மறுபடி திரைக்கு வருகின்றன. ஹாரி பாட்டரை அமெரிக்க டிவி நிறுவனமான எச்பிஓ தொடராக எடுக்கிறது, ஒரு புத்தகத்துக்கு ஒரு சீசன் என்ற கணக்கில். நார்னியாவை நெட்பிளிக்ஸுக்காக இயக்குநர் கிரெட்டா கெர்விக் படமாக எடுக்கிறார், அதுவும் ஐமேக்ஸ் என்ற மிகப் பெரிய திரைக்கு.

ஹாரி பாட்டருக்குத் தொடர்தான் சரி. ஏழு புத்தகங்களில் ஐந்தாவதுதான் பெரியது, ஈரோடு புத்தகத் திருவிழாவில் அதைக் கையில் தூக்கிப் பார்த்த பிள்ளைகளுக்கே தெரியும் அதன் கனம், அதைப் போய் 2007-இல் 138 நிமிடப் படத்துக்குள் அடக்கினார்கள். ஹாரி படிக்கும் மந்திரப் பள்ளி முழுக்க ரகளை செய்யும் பீவ்ஸ் என்ற குறும்புப் பேய் முன்பு வந்த எட்டுப் படங்களிலும் தலைகாட்டவே இல்லை! புத்தகத்தைப் படித்துவிட்டுப் படம் பார்க்கிற பிள்ளை அவன் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது?

நார்னியா அப்படியில்லை, ஒவ்வொன்றும் சின்னப் புத்தகம், ஒரு படத்துக்குள் தாராளமாக அடங்கும். 2005, 2008, 2010-இல் வந்த மூன்று படங்களும் தொடாத கதையைத்தான் கெர்விக் எடுத்திருக்கிறார்: 1955-இல் வெளியான மந்திரவாதியின் மருமகன் (The Magician's Nephew) கதை. இருட்டில் ஒரு சிங்கம் பாடுகிறது, அது பாடப் பாட நட்சத்திரம், புல், மரம் என்று ஒரு உலகமே முளைக்கிறது. இதைப் போய் செல்போனில் காட்டாதீங்க. கோவையில் ஐமேக்ஸ் இருக்கு, பொள்ளாச்சியிலிருந்தோ கோபியிலிருந்தோ பஸ் ஏறி வந்தாவது பிள்ளைகளுக்குக் காட்டுங்க.

அப்புறம், தொடரில் ஒரு சங்கடமும் உண்டு. ஏழு சீசனும் முடிய பத்து வருஷம்கூட ஆகலாம், இன்று ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அதற்குள் காலேஜ் கடைசி வருஷத்துக்கே வந்திருக்கும்.