மேலாண்மைச் சேவை நிறுவனங்களுக்கான ஒப்பந்த மாதிரித் தொகுப்பு: ஒரு மதிப்பீடு

வாடிக்கையாளர்களின் சர்வர், நெட்வொர்க், மின்னஞ்சல், பேக்கப் ஆகியவற்றை மாதக் கட்டணத்துக்குப் பராமரித்துத் தரும் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட ஒப்பந்த மாதிரித் தொகுப்பு ஒன்றை எங்கள் நிறுவனத்துக்காக வாங்கினோம். வழக்கறிஞருடன் அமர்ந்து வரிக்கு வரி படித்து, அதன்படி சில வாடிக்கையாளர்களுடன் கையெழுத்திட்ட பிறகு இதை எழுதுகிறேன். சிறு நிறுவனங்கள் தயங்காமல் வாங்கலாம். ஆனால், ஒப்பந்த முடிவு பற்றிய பிரிவைத் திருத்தாமல் யாருக்கும் அனுப்பக் கூடாது.

மாறாத சட்ட நிபந்தனைகள் அனைத்தையும் ஒரு தலைமை ஒப்பந்தத்தில் வைத்து, சேவைகள், கட்டணம், கருவிகளின் எண்ணிக்கை போன்ற அடிக்கடி மாறக்கூடியவற்றைத் தனித்தனி அட்டவணைகளில் பிரித்திருப்பது இத்தொகுப்பின் முதல் நிறை. இரண்டுக்கும் முரண்பாடு எழுந்தால் எது செல்லும் என்பதும் தெளிவாகச் சொல்லப்பட்டுள்ளது. புதிய சேவை ஒன்றைச் சேர்க்கும்போது ஒப்பந்தம் முழுவதையும் மீண்டும் பேரம் பேச வேண்டியதில்லை.

சேவைத் தர உறுதி பற்றிய பகுதி மிகுந்த அக்கறையுடன் எழுதப்பட்டிருக்கிறது. 99.9 சதவீத இயக்கம் என்று வாக்களித்தால் 30 நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம் மட்டுமே சேவை நிற்கலாம், 99.99 சதவீதம் என்றால் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். விற்பனைப் பேச்சில் சாதாரணமாகச் சொல்லிவிடும் இந்த எண்ணை எங்கிருந்து அளப்பது, முன்னறிவிப்புடன் செய்யும் பராமரிப்பு நேரம் கணக்கில் வருமா, மூன்றாம் தரப்பு கிளவுட் சேவை முடங்கினால் யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விகளுக்கும் மாதிரி வாசகம் உள்ளது. பதிலளிக்கும் நேரமும் சரிசெய்யும் நேரமும் தனித்தனியே வரையறுக்கப்பட்டுள்ளன. தானாகச் செல்லும் மின்னஞ்சலைப் பதிலாகக் கொள்ள முடியாது, பொறியாளர் ஒருவர் டிக்கெட்டை (வாடிக்கையாளர் பதிவுசெய்த புகாரை) படித்து எழுதினால்தான் கணக்கு என்ற வரி வாடிக்கையாளருக்கும் நியாயமானது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பக்கப் படிவம். பல காரணி அங்கீகாரம் (பாஸ்வேர்டுடன் இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது), பழைய சர்வரை மாற்றுதல் போன்ற பாதுகாப்புப் பரிந்துரையை வாடிக்கையாளர் ஏற்க மறுத்தால், பரிந்துரை, மறுத்த தேதி, அதனால் வரக்கூடிய ஆபத்து ஆகியவற்றை அதில் நிரப்பி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்திடச் சொன்னதும் மனம் மாறி, அந்தப் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு.

பொறுப்பு வரம்புப் பிரிவு, இழப்பீட்டைக் கடந்த 12 மாதக் கட்டணத்துக்குள் நிறுத்துகிறது. வழக்கமான ஏற்பாடுதான் இது, ஆனால் நம் தொழிலுக்கே உரிய ஓர் ஆபத்தை இது எண்ணிப் பார்க்கவில்லை. 2021 ஜூலையில் கசேயா நிறுவனத்தின் தொலைநிலை மேலாண்மை மென்பொருள் வழியாக, கணினிகளை முடக்கிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பரவியபோது, சேவை நிறுவனங்களின் மூலம் 800 முதல் 1,500 வரையான தொழில்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அந்நிறுவனமே மதிப்பிட்டது. ஒரு வாடிக்கையாளரை வைத்துப் பார்த்தால் தாங்கக்கூடியதாகத் தெரியும் வரம்பு, எல்லோரும் ஒரே நாளில் இழப்பீடு கேட்டால் நிறுவனத்தையே மூழ்கடித்துவிடும். எனவே வரம்பையும் சைபர் காப்பீட்டுத் தொகையையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். தொகுப்பில் இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாத பக்கங்களில் கிடக்கின்றன.

தரவுப் பாதுகாப்பு இணைப்பில் ஒரு பிழை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரில் 72 மணி நேரம் என்பது, தரவு மீறல் நடந்தால் தரவுக்குப் பொறுப்பான நிறுவனம் அதைக் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிப்பதற்கான கெடு. அதன் சார்பில் தரவைக் கையாளும் நம்மைப் போன்றவர்களோ தேவையற்ற தாமதமின்றி அந்த நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதே 72 மணி நேரத்தை நமக்கான கெடுவாகவும் எழுதியிருப்பது பொருந்தாது. நாங்கள் அதை 24 மணி நேரமாக மாற்றினோம்.

பெரிய குறை ஒப்பந்த முடிவில்தான். வாடிக்கையாளர் விலகும்போது 'நியாயமான ஒத்துழைப்பு' தரப்படும் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். உறவு கசந்த நிலையில் சண்டை வருவதே இந்த இடத்தில்தான். அட்மின் பாஸ்வேர்டுகளை எத்தனை நாளில் ஒப்படைப்பது, டொமைனும் லைசென்ஸ்களும் யார் பெயரில் உள்ளன, பேக்கப் பிரதிகளை எந்த வடிவத்தில் தருவது, அதுவரை அவற்றை அழிக்காமல் வைத்திருப்பது யார் செலவில், புதிய சேவை நிறுவனத்துக்கு விளக்கம் சொல்லும் மணிநேரங்களுக்குக் கட்டணம் உண்டா என்று ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். நிலுவைத் தொகைக்காகப் பாஸ்வேர்டுகளைப் பிடித்து வைப்பதில்லை என்றும் நாங்கள் சேர்த்தோம்; பாக்கியை வசூலிக்க வேறு வழிகள் உண்டு, ஒரு தொழிலை முடக்கி வசூலிப்பது முறையல்ல.

தானாகப் புதுப்பிக்கும் பிரிவும் கட்டண உயர்வுப் பிரிவும் போதுமானவை. சந்தாதாரர்களுக்குத் திருத்திய பதிப்புகளும் வருகின்றன. எந்த வரி மாறியது என்ற குறிப்பில்லாமல் முழு ஆவணத்தையும் அனுப்புவதால், பழைய பதிப்புடன் ஒப்பிடும் வேலை நம் தலையில் விழுகிறது. தயாரிப்பாளர்கள் மாற்றங்களை அடையாளமிட்டு அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.